லெக்கம்மா தேடிப்போனவர்கள்

ராயக்கோட்டை சாலையில் ஒரு பெரிய புளியமரத்தடியில் வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் ஆஸ்பத்திரி ஜீப் வந்து நிற்கும். ஒரு மடக்கு மேசை, மாத்திரை டப்பாக்கள், தோல் மாதிரி எடுக்கிற கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய மரப்பெட்டி, கைகழுவ ஒரு வாளித் தண்ணீர். கிளினிக் என்பது அவ்வளவுதான். தொழுநோய் கண்டவர்கள் மரத்தைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பலர் சாலையை விட்டு விலகிக் கொல்லைகளின் வழியாகவே நடந்து வந்திருப்பார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண்மணிக்கு எங்கள் பெரிய டாக்டர் அந்த வரிசையைக் காட்டிக்கொண்டு வந்தார். இவருக்கு வரும்போது புருவமே இல்லை, இப்போது பாருங்கள். இந்த அம்மாளுக்கு முதுகு முழுக்கத் தேமல், இப்போது தேடினாலும் கிடைக்காது. ஒவ்வொருவரையும் அந்தப் பெண்மணி மரியாதையாகப் பார்த்துத் தலையசைத்தார். வரிசை முடிந்தது. அவர் சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, "வராதவங்க எல்லாம் எங்க இருக்காங்க டாக்டர்?" என்று கேட்டார்.

பெரிய டாக்டர் சிரித்தார். 

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவின் ஒரு மூலை. பெங்களூர் பக்கம் போகிற லாரிகள் நின்று டீ குடித்துவிட்டுப் போகிற ஊர். நான் அங்கேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று மூன்றும் எனக்குத் தானாக வந்தவை. நர்ஸ் படிப்பு முடித்து அந்தத் தொழுநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இப்போது யாருக்கும் வேண்டியதில்லை. சென்னையில் கணிதமும் கல்கத்தாவில் புள்ளியியலும் படித்த அந்தப் பெண்மணியை, எங்கள் சிகிச்சையின் பலன்களை ஆராய்ந்து எழுதுவதற்காக அரசாங்கம் அனுப்பியிருந்தது. வயதில் என்னைவிட ஒன்றிரண்டு வருஷம் மூத்தவராக இருக்கலாம். வெள்ளை நூல் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். கையால் சுற்றுகிற ஒரு கணக்கு இயந்திரத்தைக் கொண்டு வந்திருந்தார். அவருடைய அறையிலிருந்து நாள் முழுவதும் அது அரைத்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்கும். கன்னடத்திலும் தெலுங்கிலும் லெக்க என்றால் கணக்கு. வார்டில் யாரோ ஒருவர் லெக்கம்மா என்றார். ஒரு வாரத்தில் அவருடைய சொந்தப் பெயர் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் மறந்துபோனது.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நோயாளிகளை ஒரு கோல் தூரத்தில் நிறுத்திப் பேசுவதே வழக்கமாக இருந்த காலத்தில் அவர்களுடைய புண்ணைத் தன் கையால் கழுவிக் கட்டியவர். மாத்திரை வருவதற்கு முன் இந்த நோய்க்கு இருந்த ஒரே மருந்தான நீரடிமுத்து எண்ணெய் ஊசியைப் போட்டு வலியில் துடிக்கிறவர்களைப் பிடித்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். புது மாத்திரை வந்தபோது சின்னப் பையனைப் போல் சந்தோஷப்பட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் யார் சொல்லையும் கேட்கமாட்டார். எங்கள் வார்டில் பிறக்கிற குழந்தையை அன்றைக்கே தாயிடமிருந்து பிரித்து, மத்திகிரிப் பக்கம் தனியாக இருந்த குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பிவிட வேண்டும். நோய் முழுக்க அடங்கியது என்று அவர் சொல்லும்வரை தாய் பிள்ளையைப் பார்க்க முடியாது. பார்த்தால் இருவருக்கும் மனசு கெட்டுப்போகும் என்பார். 'நல்லா இருக்கு' என்ற தகவல் மட்டும் தாய்க்கு வரும். இதற்குப் பலன் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தலை முதல் கால்வரை பரிசோதிப்பார். ஒரு பிள்ளைக்குக்கூட நோய் கண்டதில்லை. அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி வெளியூர் டாக்டர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. லெக்கம்மாவின் வரவை அவர் ஆவலோடு எதிர்பார்த்ததற்குக் காரணமும் அதுதான்.

வராதவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பெரிய டாக்டர் ஒரு பெண்ணை உதாரணம் காட்டுவார். அஞ்செட்டிக்கு அப்பால், நாட்றாம்பாளையம் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து வந்தவள். மாத்திரைக்காக வந்து, மாசமாக இருந்ததால் வார்டில் சேர்க்கப்பட்டவள். பிரசவமான அன்று, குழந்தையை எடுத்துப்போக ஆயா வருவதற்குள் பச்சைப் பிள்ளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டாள். அதன்பின் கிளினிக்குக்கும் வரவில்லை. "தானும் கெட்டு, அந்தப் பிள்ளையையும் கெடுத்திருப்பா" என்பார் டாக்டர். அவளைத் திட்டுகிற குரலில் சொல்லமாட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொல்வார்.

"கெடுத்திருப்பான்னா, பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேட்டார் லெக்கம்மா.

"பார்க்கணுமா என்ன? மாத்திரை இல்லாம இத்தனை வருஷம் எப்படி இருப்பா?"

"அப்படின்னா பார்த்துட்டு வந்து எழுதறேன்" என்றார்.

தேடிப்போவது சுலபமான காரியமாக இல்லை. தூரமும் மலையும் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எங்கள் ஜீப்பை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டில் யாருக்கோ பெரிய வியாதி என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள், பெண் எடுக்கமாட்டார்கள். ஊர்க் கிணற்றில் அவர்கள் குடம் இறங்காது. இதை நான் லெக்கம்மாவிடம் சொன்னேன். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருந்த ஒருவர் கிளினிக்கில் என் காலைத் தொட வந்து, "எங்க ஊரு பக்கம் மட்டும் வந்துடாதீங்க சிஸ்டர்" என்று கெஞ்சியதையும் சொன்னேன். அவர் இயந்திரத்தைச் சுற்றுவதை நிறுத்தினார். மறுநாள் காலையில் வந்து, "அப்ப எல்லாரையும் பார்ப்போம்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு ஊருக்குப் போனால் அந்த ஊரில் இருக்கிற எல்லோரையும், நோயாளியோ இல்லையோ, குழந்தை முதல் கிழவர்வரை ஒருவர் விடாமல் பார்ப்பது. சொறி சிரங்குக்குக் கந்தக மருந்து, கண்ணுக்குச் சொட்டு, காய்ச்சலுக்கு மாத்திரை. அதோடு சேர்த்துத் தோலையும் பார்த்துவிடுவது. எல்லோர் வீட்டு வாசலிலும் ஜீப் நின்றால் எந்த வீட்டு வாசலிலும் நிற்காத மாதிரிதான். பெரிய டாக்டர் இது வீண் வேலை என்றார். வராதவர்கள் சிலருக்காக மலை முழுவதையும் பரிசோதிக்கிற ஆராய்ச்சி எந்த ஊரில் நடக்கிறது என்று கேட்டார். லெக்கம்மா விடவில்லை. நோயாளியின் வீட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நோய் என்று தெரிந்தால் மட்டும் போதாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்றும் தெரிந்தால்தான் அதற்கு அர்த்தம் இருக்கும் என்றார். ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்றப் போட்ட திட்டம் அவருடைய ஆராய்ச்சிக்கும் அத்தியாவசியமாக அமைந்துவிட்டது. இரண்டில் எதை அவர் முதலில் நினைத்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

அப்படித்தான் நாங்கள் மலையேறினோம். லெக்கம்மா, நான், ஜீப் ஓட்டுகிறவர், மூன்றே பேர். ஜீப் போகிறவரை ஜீப், மிச்சத்துக்கு நடை. வளைவுகளில் லெக்கம்மாவுக்குத் தலைசுற்றி வாந்தி வரும். இறங்கி வாய் கொப்பளித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் மறுபடி ஏறி உட்காருவார். ராகிக் களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது அவருக்குப் பிடிபடச் சில வாரங்கள் ஆயின. ஒவ்வொரு தாயிடமும் அவர் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கச் சொல்வார். நான் தெலுங்கிலோ கன்னடத்திலோ மாற்றிக் கேட்பேன். பிறந்தது எத்தனை பிள்ளை, இருப்பது எத்தனை, போனது எந்த வயதில் என்பதும் அதில் ஒன்று. தோல் நோய்க்கு வந்த இடத்தில் இது எதற்கு என்று எனக்குத் தோன்றும். எதற்கு என்று இப்போது தெரியாது, ஆனால் மறுபடி வந்து கேட்க முடியாது என்றார்.

ஒரு ஊரில் மணியக்காரர் எங்களைத் தடுத்தார். ஊர் ஜனங்களை வரிசையில் நிறுத்த அவருக்கு ஆட்சேபணை இல்லை. தன் வீட்டுப் பெண்களை மட்டும் யாரும் தொட்டுப் பார்க்கக் கூடாது. "எங்க ஊட்ல அந்தச் சீக்கெல்லாம் வராதுங்க" என்றார். லெக்கம்மா வாக்குவாதம் செய்யவில்லை. பெண்களை மட்டும் பள்ளிக்கூடக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும் முக்காலியில் உட்கார்ந்து, ரவிக்கையின் முதுகுக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, "சிஸ்டர், முதல்ல என்னைப் பாருங்க" என்றார். நோய் கண்ட இடத்தில் தொட்டால் தெரியாது என்பதால், கண்களை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் அவருடைய முதுகிலும் கையிலும் காலிலும் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். தொட்ட இடத்தை அவர் விரல் வைத்துக் காட்டினார். பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு ஒருத்தி முன்னால் வந்தாள். மணியக்காரரின் மனைவி அன்று சாயங்காலமே எங்களைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

அந்த மலைப்பெண்ணை நாங்கள் கண்டுபிடித்தது மழைக்காலம் முடிகிற சமயத்தில். காட்டோரம் ஒரு ராகிக் கொல்லை. பன்றி வராமல் முள் வெட்டிப் போட்ட வேலி. வேலிக்கு உள்ளே ஒரு குடிசை. என் முகத்தைப் பார்த்த உடனே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கையில் களைக்கொத்தோடு எழுந்து நின்று, முதலில் திரும்பிப் பார்த்தது குடிசைப் பக்கம்தான். அங்கே ஒரு பையன் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தான். அவனுக்கும் எங்களுக்கும் இடையில் வந்து நின்றுகொண்டு அவள் கேட்டாள்.

"புள்ளய எட்த்துக்கினு போறதுக்கு வந்தீங்களா?"

"இல்லம்மா. ஊர்ல எல்லாரையும் பார்க்கிறோம். உன்னையும் பார்க்க வந்தோம்."

"போன ஊருல எல்லாம் பார்த்தீங்கன்னு சொன்னாங்கோ. இங்கயும் வருவீங்கன்னு தெரியும்." களைக்கொத்தை அவள் கீழே வைக்கவில்லை. "அந்த அம்மா யாரு?"

லெக்கம்மா வேலிக்கு வெளியே, வெயிலில், ஒரு பாறையின்மேல் உட்கார்ந்துவிட்டார். தான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, பிள்ளையை எடுத்துக்கொண்டு போகத் தனக்கு அதிகாரமும் இல்லை, யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு போகிறவள் என்றார். பேர் எழுதமாட்டேன் என்றும் சொன்னார். மலைப்பெண் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். பிறகு முள்ளை நகர்த்தி வழிவிட்டாள்.

அவளைப் பரிசோதித்தேன். தேமல்கள் அடங்கியிருந்தன. விரல்கள் மடங்கவில்லை. மாத்திரை இல்லாமல் இது நடக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். அவளுடைய புருஷன் காட்டு வழியாக நடந்து, எல்லையைத் தாண்டி மைசூர் பக்கத்து கிளினிக் ஒன்றில் வேறு பேர் சொல்லி வாங்கிக்கொண்டு வருவானாம். ஏன் அவ்வளவு தூரம் என்றதற்கு, "அங்க புள்ளயக் கேக்க மாட்டாங்கோ" என்றாள். எங்கள் பதிவேட்டில் கெட்டுப்போனவளாக இருந்தவள், அந்தப் பக்கத்தில் தவறாமல் மாத்திரை வாங்கிப்போகிற ஒழுங்கான நோயாளியாக இருந்தாள். பின்னால் தேடத் தேட, இப்படி எல்லையைத் தாண்டியவர்கள் இன்னும் பலர் என்று தெரிந்தது. வராதவர்களில் இறந்தவர்கள் இருந்தார்கள், விரல்கள் போனவர்கள் இருந்தார்கள், நன்றாகிக் கொல்லையில் உழைத்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். ஒரே காரணத்தால் வராமல் போனவர்கள் என்று யாரையும் சேர்த்துக் கட்ட முடியவில்லை.

பையனைத் தாயின் மடியில் உட்காரவைத்தே பார்த்தேன். ஒரு தேமல்கூட இல்லை. "சுத்தமா இருக்கான்" என்று நான் சந்தோஷமாகச் சொன்னபோது லெக்கம்மா குறுக்கிட்டு, "இன்னைக்கு இல்லைன்னு சொல்லுங்க சிஸ்டர். இனிமேலும் வருஷா வருஷம் வந்து பார்க்கணும்" என்றார். அப்படிப்பட்ட நேரத்தில்கூட ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்ல விடமாட்டார்.

நாங்கள் கிளம்புகிற நேரத்தில் மலைப்பெண் என்னைக் கேட்டாள். "எம் பக்கத்துக் கட்டில்ல ராயக்கோட்டை அக்கா ஒண்ணு இருந்துச்சே. எனக்கு முந்தின நாளு புள்ள பெத்துச்சே. பொட்டப்புள்ள. அந்தப் புள்ள இப்ப எப்படி இருக்குது?"

ராயக்கோட்டைக்காரி இன்னும் எங்கள் வார்டில்தான் இருந்தாள். வார்டுக்கு வருகிற தகவலைத்தான் நானும் அறிந்திருந்தேன். நல்லா இருக்கு என்றேன். மலைப்பெண் அந்தப் பதிலை நம்பியதாகத் தெரியவில்லை. லெக்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.  மலையிறங்கி ஜீப்பில் ஏறிய பிறகு, "நீங்க அந்தக் குழந்தையைப் பார்த்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். வார்டு நர்சுகள் இல்லத்துக்குப் போகிற வழக்கம் இல்லை என்றேன்.

மறுநாள் அவர் மத்திகிரிக்குப் போனார். இல்லத்து மேட்ரன் நேர்மையான, கடுமையாக உழைக்கிற பெண். கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். எதையும் அவர் மறைத்து வைத்திருக்கவில்லை; யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். ராயக்கோட்டைக்காரியின் பெண் குழந்தை பிறந்த சில வாரங்களில் பேதியில் இறந்திருந்தது. புட்டிப் பாலில் வளர்கிற பிள்ளைகளுக்கு வெயில் காலத்தில் பேதியும், மழைக் காலத்தில் சளிக் காய்ச்சலும் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு சாவும் பெரிய டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவர் வருத்தப்பட்டிருக்கிறார்; மனசு கெட்டுப்போகும் என்று தாய்க்கு மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் குழந்தை சாவது நடக்காத ஒன்று இல்லை. ஆகவே அது ஒவ்வொரு முறையும் தனித்தனியாக நடந்த துக்கமாகவே இருந்தது. வருஷக் கடைசியில் பரிசோதனைக்கு வரிசையில் நின்றவர்கள் உயிரோடு இருந்த பிள்ளைகள். அவர்களில் யாருக்கும் நோய் இல்லை என்பது உண்மை.

அடுத்த சில வாரங்கள் கணக்கு இயந்திரத்தின் சத்தம் ஓயவில்லை. மலைக்கிராமத் தாய்மார்களிடம் நாங்கள் கேட்டு வந்த அந்தக் கேள்வி, பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை என்ற கேள்வி, இப்போது எதற்கு என்று தெரிந்தது. நோயுள்ள தாயோடு வளர்ந்த பிள்ளைகள், நோயில்லாத தாயோடு வளர்ந்த பிள்ளைகள், தாயில்லாமல் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள் என்று மூன்று கூட்டமாகப் பிரித்து அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தவறாக இருக்குமோ என்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து மறுபடி போட்டார். மூன்றாவது முறையாகப் போட்டு முடித்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனார்.

"நம்ம இல்லத்துப் பிள்ளைகள் ஒருத்தருக்கும் நோய் வரலைன்னு சொன்னீங்க டாக்டர். அது சரிதான்" என்று ஆரம்பித்தார்.

டாக்டர் மலர்ந்த முகத்தோடு உட்காரச் சொன்னார்.

"ஆனா நோய் தெரியற வயசு வரைக்கும் இருந்தவங்களை மட்டும்தான் நாம எண்ணியிருக்கோம். அதுக்கு முன்னாடியே போனவங்க நிறைய பேர். மலையில தாய்கிட்ட இருந்த பிள்ளைகள்ல சிலருக்கு நோய் வந்திருக்கு. அது மாத்திரையில அடங்கக்கூடியது. இங்க போனவங்க போனவங்கதான்."

"குழந்தைங்க எங்கேயும்தான் சாகுது" என்றார் டாக்டர்.

"ஆமா, மலையிலயும் சாகுது. இவ்வளவு இல்லை."

டாக்டரின் முகம் சிவந்தது. "நீங்க என்னைக்காவது ஒரு நோயாளியோட புண்ணைத் தொட்டுக் கழுவியிருக்கீங்களா? ஒரு அறைக்குள்ள உட்கார்ந்து மெஷினைச் சுத்திட்டு, நான் பிள்ளைகளைக் கொன்னேன்னு சொல்ல வந்தீங்களா?"

"அப்படி நான் சொல்லலை டாக்டர். என் கணக்கை நம்பவும் வேண்டாம். நீங்களே ஒருதடவை எண்ணிப் பாருங்க." அவ்வளவுதான் சொன்னார். குரல் உயரவில்லை. 

பெரிய டாக்டர் எண்ணிப் பார்த்தார். அதற்காகத்தான் அவரை நான் இன்றைக்கும் பெரிய மனிதர் என்கிறேன். யாரையும் கூட்டிக்கொள்ளாமல் மத்திகிரிக்குப் போனார். மேட்ரனோடு உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்தார் என்றும், பிறகு இல்லத்தின் பின்னால் வேலியோரம் இருந்த சின்னச் சின்ன மண்மேடுகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றார் என்றும் மேட்ரன் பின்னால் சொன்னார். மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் எங்களையெல்லாம் நிறுத்திவைத்துப் பேசினார். இனி எந்தக் குழந்தையையும் தாயிடமிருந்து பிரிக்கப் போவதில்லை. தாய் மாத்திரை சாப்பிட வேண்டும், பாலும் கொடுக்க வேண்டும். இல்லத்தில் இருக்கிற பிள்ளைகளைத் தாய்மார்களிடம் ஒப்படைக்க வேண்டும். "நான் இத்தனை வருஷமா நல்லதுன்னு நினைச்சது நல்லது இல்லை" என்றார்.  நிர்வாகக் கமிட்டியிலிருந்து கடுமையான ஆட்சேபணைகள் வந்தன. பதவியை விடச் சொன்னார்கள் என்றுகூடப் பேச்சு இருந்தது. அவர் பின்வாங்கவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிவந்த நாளை நான் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நினைப்போம். அங்கே அப்படி நடக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தாய் யாரென்று தெரியாது. ஒரு சிறுமி மேட்ரனின் புடவையை விடமாட்டேனென்று வீறிட்டாள். தாய்மார்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். தொடாதே, தொடாதே என்று வருஷக்கணக்கில் நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடம். கைகளை முன்னால் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொருத்தியிடமும் பெரிய டாக்டர் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

ராயக்கோட்டைக்காரிக்கு முந்தின நாளே சொல்லியாக வேண்டியிருந்தது. டாக்டர் தானே சொல்வதாக இருந்தார். லெக்கம்மா, "நான் சொல்றேன். நான்தானே போய்ப் பார்த்தேன்" என்றார். வார்டின் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள்; நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். லெக்கம்மாவுக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. உன் பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே பேதியில் இறந்துவிட்டது, நல்லா இருக்கு என்று உனக்குச் சொல்லப்பட்டது உண்மையில்லை என்று நேராகச் சொன்னார். ராயக்கோட்டைக்காரி உடனே அழவில்லை. மண்ணைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க எல்லாப் புள்ளங்களையும் எண்ணுனீங்கன்னு சொல்றாங்களே. அதுல எம் புள்ளயும் சேர்ந்துச்சா?"

"சேர்ந்திருக்கு. உன் பிள்ளையைத் தேடிப் போய்த்தான் மத்தவங்களே தெரிஞ்சாங்க."

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். லெக்கம்மா அவளைத் தொட்டுச் சமாதானப்படுத்தவில்லை. அது அவருக்கு வராது. ஆனால் வெயில் இறங்கி வார்டு மணி அடிக்கிறவரை பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை.

அந்த ஆய்வு பிறகு கட்டுரையாக வந்தது. தன் பெயரையும் அதில் போட வேண்டும் என்று பெரிய டாக்டர் பிடிவாதம் பிடித்தார். தவறு யாருடையது என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். மருந்தின் பலனைச் சொல்வதற்கு முன் வராமல் போனவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு நோயைத் தடுத்தோம் என்று சொல்வதற்கு முன் வேறு எதனால் யார் இறந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பவைதான் லெக்கம்மா அதில் வலியுறுத்திய விஷயங்கள். கேட்டால் யாருக்கும் தோன்றக்கூடியவைதான். ஆனால் அதன்பின் வேறு ஆஸ்பத்திரிகளும் தங்கள் குழந்தைகள் இல்லங்களைத் திறந்து பார்த்தன என்றும், சில மூடப்பட்டன என்றும் கேள்விப்பட்டேன். லெக்கம்மா மாற்றலாகிப் போய், அம்மை, காசநோய் என்று வேறு வேறு நோய்களின் பின்னால் பல வருஷம் அலைந்தார். மருத்துவப் புத்தகங்களில் மருந்து கண்டுபிடித்தவர்களின் படம் இருக்கும். எண்ணிப் பார்த்தவர்களின் படத்தை நான் எதிலும் பார்த்ததில்லை.

நான் ஓய்வு பெற்று இப்போது மத்திகிரியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். என் வரிசையில் இருக்கிற மற்ற வீடுகளிலெல்லாம் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பிள்ளைகள். திருநெல்வேலி, மதுரை, தஞ்சாவூர் என்று எல்லா ஊர்த் தமிழும் காதில் விழுகிறது. தொழுநோய் மாத்திரைக்கு வருகிறவர்கள் இன்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் வந்தவர்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு இளம் பெண் டாக்டரிடம் பழைய கதையைச் சொன்னபோது, "பிள்ளையை எதுக்குப் பிரிச்சீங்க?" என்று ஆச்சரியத்தோடு கேட்டாள். அவளுக்கு அது நம்ப முடியாத மடத்தனமாகப் பட்டது. நல்ல மனிதர்கள், நன்றாகப் படித்தவர்கள், முழு நம்பிக்கையோடு செய்தது என்று நான் சொன்னதை அவள் எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை.

ராயக்கோட்டைக்காரி நோய் அடங்கி வீட்டுக்குப் போனாள். புருஷன் அவளை ஏற்றுக்கொண்டான். அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ, ஒரு கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து லெக்கம்மாவைத் தேடினாள். அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றேன். அவள் குழந்தையை என் கையில் கொடுத்து, கனம் பார்க்கச் சொன்னாள். "லெக்கம்மாவப் பார்த்தீங்கன்னா சொல்லுங்க சிஸ்டர். இவளையும் சேர்த்துக்கச் சொல்லுங்க."

பல மாதம் கழித்துச் சேலத்தில் ஒரு கூட்டத்துக்கு லெக்கம்மா வந்திருந்தபோது அதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "அந்த ஆய்வு முடிஞ்சுபோச்சே சிஸ்டர். இனிமே அதுல சேர்க்க முடியாது" என்றார். வாசல்வரை போனவர் நின்று திரும்பிவந்தார்.

"அவளே பால் குடுக்கறாளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.